வார் மெமோரியல் யாருக்காக? பையனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை

பாரிமுனைப் பயணி:
பதினைந்து வருடமாகச் சென்னை பாரிமுனையில்தான் வேலை. ‘வார் மெமோரியல் இறங்கு’ என்று கண்டக்டர் கத்துவதைக் கேட்டிருக்கிறேனே தவிர, அந்த வட்டக் கட்டடத்தைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. போன வாரம் பஸ்ஸில் என் பையன், ஏழாவது படிக்கிறான், “இது யாருக்குப்பா கட்டினது?” என்றான். “நம்ம ராணுவ வீரர்களுக்கு” என்றேன். “எந்தச் சண்டையில?” என்றான். அத்தோடு என் சரக்கு தீர்ந்துவிட்டது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று, வருடத்துக்கு ரெண்டு தடவை மாலை வைப்பதைத் தாண்டி இந்த நினைவிடங்களால் யாராவது யாரையாவது நினைக்கிறார்களா?

ரிட்டயர்டு ஹவில்தார்:
தம்பி, அது முதல் உலகப் போரில் நேச நாடுகள் ஜெயித்ததற்காக வெள்ளைக்காரன் கட்டியது. பெயரே விக்டரி வார் மெமோரியல்தான். பிறகு இரண்டாம் உலகப் போர், 1948 காஷ்மீர், 1962 சீனா, 65, 71 என்று ஒவ்வொன்றாக அதே இடத்தில் சேர்ந்துகொண்டன. குடியரசு தினத்தன்று காலையில் கவர்னர் வந்து மலர்வளையம் வைப்பார்.

இரண்டாவது கேள்விக்கு ஒன்று சொல்கிறேன். டெல்லியில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவகம் திறந்தார்கள் (வடிவமைத்தது சென்னைக்காரர்). சுதந்திரத்துக்குப் பிறகு இறந்த 25,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைக் கருங்கல்லில் தனித்தனியாக வெட்டியிருக்கிறார்கள். என்னோடு வேலை பார்த்தவனின் மனைவியை அங்கே கூட்டிப்போனேன். அழுவார் என்று நினைத்து நான்தான் கர்ச்சீப்பை எடுத்து வைத்திருந்தேன். அவர் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, “பேரு தப்பில்லாம போட்டிருக்காங்கண்ணே” என்றார். பென்ஷன் காகிதத்தில் கணவர் பெயர் தப்பாக விழுந்து இரண்டு வருடம் அலைந்தவர்.

எதிர்க்கட்சி:
ஹவில்தார் ஐயா சொல்வது சரிதான், ஆனால் எந்தப் பெயர் கல்லில் ஏறும் என்பதை அரசாங்கம்தான் முடிவு செய்கிறது, அதையும் பேச வேண்டும். 1972-லிருந்து இந்தியா கேட்டில் எரிந்த அமர் ஜவான் ஜோதியை 2022 ஜனவரியில் புது இடத்து ஜோதியோடு சேர்த்துவிட்டார்கள். இந்தியா கேட்டில் இருக்கும் பதிமூன்றாயிரத்துச் சொச்சம் பெயர்களும் ஆங்கிலேயனுக்காகச் சண்டை போட்டவர்களுடையவை என்பது சொன்ன காரணங்களில் ஒன்று. அவனும் நம் ஊரிலிருந்து சம்பளத்துக்குப் போனவன்தானே? அந்தக் காலத்தில் வெள்ளைக்காரன் ஊர் ஊராகச் சின்னக் கல் பதித்தான், ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 யுத்தத்துக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள்’ என்று. எண்ணிக்கை மட்டும்தான். செத்தவன் பெயர் என்ன என்று கேட்டால் அந்தக் கல்லுக்குத் தெரியாது.

கல்வெட்டுப் பைத்தியம்:
எண்ணிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது, நம் பழைய நடுகற்கள் இந்த விஷயத்தில் கெட்டி. எந்த ராஜாவின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், யார், எதற்காகச் செத்தான், எல்லாம் இரண்டு மூன்று வரியில் வந்துவிடும். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்தபோது கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் அதில் செதுக்கி, ‘கோவிவன்’ என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்தது 1919-ல் நம் ஊர்ச் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை!

ஈப்போக்காரன்:
மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். 1942–43-ல் ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் தெரியும்தானே. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அந்த ரயில்பாதையில் செத்த நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறை, புல் வெட்டி, செடி வைத்து அவ்வளவு சுத்தம். அதே பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். என் பாட்டியின் அண்ணனும் போனவர், திரும்பவில்லை. அந்தக் கல்லறைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தேன். எல்லாமே யாரோ வேற்று நாட்டுக்காரர்களின் பெயர்கள். நினைவிடத்தால் யாராவது நினைக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள், இல்லாத இடத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும் அண்ணே.

ரிட்டயர்டு ஹவில்தார்:
பையனை நந்தம்பாக்கம் கூட்டிப்போங்கள். அங்கே 1952-ல் அமைத்த போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் இறந்த 857 பேர். தென்னிந்தியாவில் பராமரிக்க ஆளில்லாமல் அங்கங்கே கிடந்த கல்லறைகளை ஒன்றாகக் கொண்டுவந்த இடம். அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கல். பலருக்கு வயதும் போட்டிருக்கும், இருபது, இருபத்தொன்று என்று. அதை அவனே படிக்கட்டும்.

பாரிமுனைப் பயணி:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை நந்தம்பாக்கம் போகிறோம். நாய்க் கதையை நேற்று ராத்திரியே சொல்லிவிட்டேன், இப்போது ‘கோவிவன்’ என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டு உயிரை எடுக்கிறான். கல்வெட்டுப் பைத்தியம் சார், கொஞ்சம் வாருங்கள்.