நியூஸ்ல வர்ற கிராஃப் பாத்து ஏமாந்த அனுபவம் இருக்கா?

டிவி நியூஸ்ல ஒரு பார் கிராஃப் காட்டுனாங்க, போன வருஷத்து பார் குட்டியா கீழ கெடக்கு, இந்த வருஷத்து பார் ஸ்கிரீன் உச்சிய தொடுது, நான் பதறிப்போய் வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காட்டி குடும்ப குரூப்லயும் போட்டோ எடுத்து போட்டுட்டேன். ராத்திரி அதே போட்டோவ பெருசாக்கி பாத்தப்பதான் பார் மேல இருந்த நம்பர் கண்ணுல பட்டுச்சு, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்ல. ஒய் ஆக்ஸிஸ்னு, அதாவது பக்கத்துல அளவு காட்டுற நேர்கோடுன்னு ஒண்ணு சுத்தமா இல்ல. தப்புன்னு குரூப்ல சொன்னேன், மொத போட்டோவ பாத்து பயந்தவங்கள்ல பாதி பேர் அத பாக்கவே இல்ல. பரப்புனது நான்தான்கிறது இன்னும் உறுத்துது. உங்களுக்கும் நடந்திருந்தா சொல்லுங்க.

* * *

எனக்கு கண்ண தொறந்தது 2012ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் நியூஸ் காட்டுன வரி கிராஃப்தான். அதிபர் புஷ் காலத்து வரிச்சலுகை முடிஞ்சா உச்சபட்ச வரி 35 சதவீதத்துலேர்ந்து 39.6 ஆகும், இதுதான் சேதி. படத்துல ரெண்டாவது பார் முதலாவதவிட பல மடங்கு ஒசரமா நிக்குது, ஏன்னா ஆக்ஸிஸ் 34ல ஆரம்பிக்குது. நான் நோட்டுல ஸ்கேல் வெச்சு வரைஞ்சு பாத்தேங்க. அவங்க கணக்குப்படி வரைஞ்சா ஒண்ணு 1 செ.மீ., இன்னொண்ணு 5.6 செ.மீ. 0லேர்ந்து வரைஞ்சா 35 செ.மீ. பக்கத்துல 39.6 செ.மீ. நிக்கும், அவ்வளவுதான் உண்மையான ஏத்தம். அப்போலேர்ந்து பார் எங்க ஆரம்பிக்குதுன்னு பாக்காம சேதிய படிக்கிறதில்ல.

* * *

பாருக்கு நீங்க சொல்றது ரொம்ப சரி, ஆனா லைன் கிராஃபுக்கும் 0லேர்ந்துதான் வேணும்னு நெனச்சிடாதீங்க, நான் அப்படி நெனச்சுதான் ஏமாந்தேன். 2015ல நேஷனல் ரிவியூங்கிற அமெரிக்க பத்திரிகை உலக சராசரி வெப்பநிலைய மைனஸ் 10லேர்ந்து 110 ஃபாரன்ஹீட் வரைக்கும் ஆக்ஸிஸ் வெச்சு போட்டாங்க, கோடு சும்மா தரையில படுத்த மாதிரி இருந்துச்சு, நானும் ஒண்ணும் மாறலன்னே நம்பிட்டேன். யோசிச்சு பாருங்க, கொழந்தையோட உடம்பு சூட்ட 0லேர்ந்து 100 டிகிரி செல்சியஸ் வரைக்கும் வரைஞ்சா 37க்கும் 40க்கும் கண்ணுக்கு என்ன தெரியும், காய்ச்சலே தெரியாது. அந்த விஷயத்துல எவ்வளவு மாறுனா பெருசுன்னு தெரிஞ்சாத்தான் ஆக்ஸிஸ் நியாயமா இல்லையான்னு சொல்ல முடியும்.

* * *

2014ல ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் போட்ட, அமெரிக்காவோட ஃபுளோரிடா மாநில துப்பாக்கிக் கொலை கிராஃப சொல்லாம விட முடியல. ஆக்ஸிஸ்ல 0 கீழ இல்லாம உச்சியில இருக்கு, செவப்பு மேலேர்ந்து ரத்தம் மாதிரி வழியுது. 2005ல தற்காப்பு சட்டம் வந்ததும் கோடு கீழ எறங்குது, நான் கொலை கொறஞ்சிடுச்சுன்னே படிச்சேன், நெசத்துல கூடியிருக்கு. நம்பர் ஒண்ணுகூட பொய்யில்ல, தலைகீழா வரைஞ்சதுதான் வினை.

* * *

ஸ்கேல் யோசனை சொன்னவங்களுக்கு ரொம்ப நன்றிங்க. என் போட்டோவையும் அளந்தேன், பார் 4 மடங்கு உயரம், நம்பர் பத்துல ஒரு பங்குகூட கூடல. ரெண்டையும் 0லேர்ந்து நோட்டுல வரைஞ்சு குரூப்ல போட்டேன். இந்த தடவ பெரியப்பாவே போன் பண்ணி, அப்போ அன்னிக்கு டிவில காட்டுனது பொய்யாப்பான்னு கேட்டாரு. நம்பர் சரிதான் பெரியப்பா, வரைஞ்ச விதம்தான் தப்புன்னு சொல்லி அரை மணி நேரம் பேசிட்டு இருந்தோம்.