டயாலிசிஸ் மையத்தில் காலை ஷிப்ட் யாருக்கு?

வணக்கம். எங்கள் அறக்கட்டளை சிறிய டயாலிசிஸ் மையம் ஒன்றை நடத்துகிறது. பாதிப் பேர் முதலமைச்சர் காப்பீட்டில் வருகிறார்கள், மீதிப் பேர் கட்டணம் கட்டுகிறார்கள். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம் ஆகும். எல்லாருக்கும் காலை ஷிப்ட்தான் வேண்டும். கட்டணம் கட்டுபவர்களுக்குக் கொடுத்தால்தான் சம்பளம் போட முடியும் என்கிறார் கணக்காளர். காப்பீட்டில் வருபவரை ராத்திரிக்குத் தள்ளினால் கடைசி பஸ் போய்விடும் என்கிறார் நர்ஸ் அக்கா. இரண்டும் நியாயம்தான்.

1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டண வருமானத்தில் இலவச சிகிச்சையை நடத்திக் காட்டியது. ஆனால் கண்புரை ஓர் ஆபரேஷனோடு முடிந்துவிடும். எங்களிடம் வருபவர் வாராவாரம், வருஷக்கணக்காக வர வேண்டும். அந்த வழி இங்கே பொருந்துமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அரசுத் திட்டம், நன்கொடை, கட்டணம் மூன்றும் கலந்த இடத்தில் வேலை பார்த்தவர்களே, ஷிப்ட் ஒதுக்க என்ன விதி வைத்தீர்கள்? அதை முடிவு செய்தது டிரஸ்டிகளா, ஊழியர்களா?