பொருள்: 'தன்னார்வலர் சார்பு' அல்ல, 'முன்வந்தோர் சாய்வு'

அன்புடையீர்,

புகைப்பழக்க ஆய்வுகளுக்கு அறிவிப்பைக் கண்டு தாமாக வருவோர் புகைப்போர் அனைவரையும் ஒத்திருப்பதில்லை என்னும் குறைபாட்டுக்குத் 'தன்னார்வலர் சார்பு' (volunteer bias) என்ற சொல் நம் கலைச்சொல் பதிவேட்டுக்கு முன்மொழியப்பட்டது. ஆனால் எங்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் தன்னார்வலர் என்றால், 2004 சுனாமிக்கும் 2011 தானே புயலுக்கும் பின் சோறு பொங்கிப் போட்டவர்களே நினைவுக்கு வருவார்கள். ஆய்வுக்குப் பெயர் கொடுப்பவர் முன்வந்தவர், அவ்வளவே. 'முன்வந்தோர்' என்றால் 'முன்வராதோர்' என்ற எதிர்ச்சொல்லும் கூடவே கிடைக்கிறது. சிக்கல் இருப்பதே அவர்களிடம்தான்.

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை வாசலில் அறிவிப்பு ஒட்டினால், பகலில் ஓய்வுள்ள, புகையை விட்டுவிட வேண்டும் என்று ஏற்கெனவே எண்ணிக்கொண்டிருக்கும் ஆண்களே பெரும்பாலும் வருவார்கள். விடியுமுன் கடலூர் முதுநகரில் படகேறும் பீடிக்காரரும், வீட்டாருக்குத் தெரியாமல் சுருட்டுப் பிடிக்கும் மூதாட்டியும் வரமாட்டார்கள். 2016–17இல் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பு, வீடுகளைக் குலுக்கல் போன்ற வாய்ப்பு முறையில் தேர்ந்து ஆட்களைத் தேடிப் போனது. இந்திய ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைக்கிறார்கள் என்று அது சொல்ல முடிந்தது அதனால்தான்.

எனினும் முன்வந்தோரை வைத்து எதுவுமே அறிய முடியாது என்ற பொருள் சொல்லில் ஏறிவிடக் கூடாது. 1951இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த டால், ஹில் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் தம் நாட்டு மருத்துவர்களுக்கு அனுப்பிய வினாத்தாளுக்கு ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரே விடையளித்தனர். நோயுற்றவர்கள் விடையளிப்பது குறைவாதலால், விடையளித்தோரின் இறப்பு விகிதம் தொடக்க ஆண்டுகளில் மருத்துவர்களின் பொது விகிதத்தைவிடக் குறைந்தே இருந்தது. ஆயினும் விடையளித்தவர்களுக்குள்ளேயே புகைப்போரையும் புகைக்காதோரையும் ஒப்பிட்டபோது நுரையீரல் புற்றுநோயின் தொடர்பு ஐயமறத் தெரிந்தது. எத்தனை பேர் புகைக்கிறார்கள் என்ற கேள்வியை இந்தக் குறைபாடு கெடுக்கும் அளவுக்கு, புகைத்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைக் கெடுப்பதில்லை.

'சார்பு', 'சாய்வு' இரண்டுமே பள்ளிக் கணிதத்தில் வேறு வேலை பார்க்கின்றன என்பது மெய்தான். எனினும் சாய்வு என்றால் எந்தப் பக்கம் என்று கேட்கலாம். சார்பு என்றதும் ஆய்வாளர் யாருக்கோ பரிந்து பேசுகிறார் என்ற தொனி வந்துவிடுகிறது. ஆய்வாளரே ஆளைத் தெரிவுசெய்வதால் நேர்வதையும் உள்ளடக்கிய பொதுப்பெயராகத் 'தெரிவுச் சாய்வு' இருக்கட்டும். 'முன்வந்தோர் சாய்வு' அதன் ஒரு வகை.

பதிவேட்டுக்கு என் வரையறை: முன்வந்தோர் சாய்வு – ஆய்வுக்குத் தாமாக முன்வந்தோர்க்கும் முன்வராதோர்க்கும் இடையிலான வேறுபாட்டால் முடிவு ஒரு பக்கம் சாய்தல்.