7.38: மெட்காஃபை 64 வரை விட்டது சரியா?

டேப்புதாசன்:
அமெரிக்கக் கால்பந்தில் எறிகிற பந்தை ஓடிப் பிடிக்கும் கல்லூரி ரிசீவர் யாரைப் பற்றிப் பேசினாலும் கணக்கன் அண்ணன் டி.கே. மெட்காஃபை இழுத்து வந்து நாலு சாத்து சாத்தாமல் விடுவதில்லை. நேற்று அவர் எழுதியது இது: "3 கோன் ஓட்டத்தை (மூன்று கூம்பைச் சுற்றித் திரும்பும் சோதனை) 7.38 வினாடியில் ஓடியவனை 2019 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாக எடுக்கும் தேர்வு) சியாட்டில் 64ஆவதாக எடுத்ததே அதிகம். மற்ற அணிகள் விட்டது சரி." படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. 6 அடி 3 அங்குலம், 228 பவுண்டு, 40 யார்டு 4.33 வினாடி. இப்படி ஓர் ஆள் கண்முன் நிற்கிறான், அவனுக்கு முன்னால் எட்டு ரிசீவர்களை எடுத்தார்கள். அதில் ஆண்டி இசபெல்லாவும் ஒருவர். இதுவா சரி?

கணக்கன்:
7.38. பந்து எறிகிற குவார்ட்டர்பேக் டாம் பிராடி 2000இல் ஓடியது 7.20. 40 யார்டை 5.28இல் உருண்டு முடித்த பிராடி. அவரைவிட மெதுவாகத் திரும்புகிறவன் எப்படி ரிசீவர் ஆவான்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், காபி பிறகு இறங்கும்.

பிலடெல்பியா பாண்டி:
பிராடி பந்து பிடிக்கிற கதையை எங்கள் ஊர்க்காரனிடம் சொல்லாதீர்கள் கணக்கன். 2018 பிப்ரவரி இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் அவர் கையில் பட்டுப் பந்து விழுந்ததைப் பார்த்தோம். அதே ஆட்டத்தில் எங்கள் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் டச்டவுன் (பந்தோடு எல்லைக்குள் போவது) பிடித்தார். ஃபோல்ஸின் 3 கோன் நேரம் எவ்வளவு என்று யாராவது கேட்டோமா?

கணக்கன்:
ஃபோல்ஸை ரிசீவராக யாரும் டிராஃப்ட் செய்யவில்லை. 7.38க்கு வாருங்கள்.

சியாட்டில் சாரல்:
வருகிறேன். 2020 ஜனவரி, பிளேஆஃப் நாக்அவுட் ஆட்டம். முதல் வருடப் பையன் மெட்காஃப், எதிரே பாண்டி அண்ணனின் ஈகிள்ஸ், அதுவும் அவர்கள் மைதானத்தில். மூன்றாம் கால்பகுதியில் எங்கள் குவார்ட்டர்பேக் வில்சன் தூக்கிப் போட்ட பந்தைப் பிடிக்கிறான், பிடித்த வேகத்தில் விழுகிறான். யாரும் தொடவில்லை என்பது அவனுக்குத் தெரிகிறது. எழுந்து, மறுபடி பாய்ந்து, எல்லைக்குள் விழுகிறான். 53 யார்டு. அன்று மொத்தம் 7 கேட்ச், 160 யார்டு. பிளேஆஃபில் முதல் வருட ஆட்டக்காரர் எவரும் அதுவரை அவ்வளவு எடுத்ததில்லை. அவன் அங்கே எந்தக் கூம்பைச் சுற்றினான்?

பிலடெல்பியா பாண்டி:
எங்கள் குவார்ட்டர்பேக் வென்ட்ஸ் முதல் கால்பகுதியிலேயே தலையில் அடிபட்டு வெளியே போனார். 40 வயது மெக்கவுன் வந்து விளையாடினார். அதையும் எழுதுங்கள் சாரல். அடித்தது உங்கள் கிளவுனி.

சியாட்டில் சாரல்:
மெட்காஃபைத் தடுக்க வேண்டியவர் வென்ட்ஸா?

கணக்கன்:
நேராக ஓடினான், பிடித்தான். அதைத்தானே நானும் சொல்கிறேன்! கோ ரூட் (நேராக ஓடுவது), ஸ்லாண்ட் (சாய்வாக உள்ளே வெட்டுவது), விட்டால் மறுபடி கோ ரூட். 3 கோன் என்பது 'ட' எழுத்து மாதிரி 5 யார்டு இடைவெளியில் வைத்த மூன்று கூம்பு. போய்க் கோட்டைத் தொட வேண்டும், திரும்ப வேண்டும், மறுபடி போய் அடுத்ததைச் சுற்றி, கடைசியை வளைத்துக்கொண்டு வர வேண்டும். இடுப்பைத் தாழ்த்தி வேகத்தைக் கொல்லத் தெரிந்தவனுக்குத்தான் அது வரும். 15 யார்டு ஓடிவந்து சட்டென்று நின்று குவார்ட்டர்பேக்கை நோக்கித் திரும்ப வேண்டுமே, அப்போது தேவைப்படுவதும் அதே இடுப்புதான். அது இல்லை என்றுதான் 7.38 சொல்கிறது.

சொல்லாய்வன்:
இடையில் ஒரு வேண்டுகோள். 'ரிசீவர்' எதற்கு? 'பெறுநர்' என்ற அழகான சொல் இருக்கிறதே.

டேப்புதாசன்:
அனுப்புநர்: டாம் பிராடி, பெறுநர்: ராண்டி மாஸ், பொருள்: டச்டவுன் கோருதல் தொடர்பாக. நல்லாத்தான் இருக்கிறது ஐயா.

சொல்லாய்வன்:
கேலி செய்கிறவர்களோடு பேசுவதில்லை.

டேப்புதாசன்:
கணக்கன் அண்ணே, அந்த மனிதனுக்கு 2018 அக்டோபரில் கழுத்தில் அடிபட்டது. அந்தப் பருவத்தில் ஆடியதே 7 ஆட்டம். அதில் 26 கேட்ச், 569 யார்டு, 5 டச்டவுன். கழுத்துக் காயத்திலிருந்து எழுந்து வந்தவன் டிராஃப்டுக்கு முந்தைய கம்பைன் சோதனையில் கூம்பைச் சுற்றியதை வைத்து ஜாதகம் கணிக்கிறீர்கள். ஆட்டத்தின் வீடியோ டேப்பைப் பாருங்கள். தடுக்கிற கார்னர்பேக் அவன் நெஞ்சில் கை வைத்து அமுக்க வந்தால், கையைத் தட்டிவிட்டுக் கடந்து போகிறான். அதை எந்த ஸ்டாப்வாட்ச் அளக்கும்?

கணக்கன்:
கழுத்தில் அடிபட்டவன் 40 யார்டை 4.33இல் ஓடலாம், 40.5 அங்குலம் எம்பலாம், பெஞ்சில் 27 தடவை தூக்கலாம். கூம்பைக் கண்டால் மட்டும் கழுத்து வலிக்குமோ? மெட்காஃப் ஆடிய அதே ஓல் மிஸ் கல்லூரியில் அதே 2018இல் ஏ.ஜே. பிரௌன் 85 கேட்ச், 1,320 யார்டு. உங்கள் ஆள் கல்லூரியில் மொத்தமாகப் பிடித்ததே 67. அவனுடைய சட்டையில்லாத படத்தைப் பார்த்து நீங்கள் எல்லோரும் மயங்கினீர்கள், அணிகள் மயங்கவில்லை. சியாட்டிலே 29இல் கோலியரையும் 47இல் பிளேரையும் எடுத்துவிட்டுத்தான் இவனிடம் வந்தது. 3 கோனை மதிக்கிற நியூ இங்கிலாந்து பயிற்சியாளர் பெலிச்சிக் கையில் 64ஆம் பிக் (எடுக்கும் வாய்ப்பு) இருந்தது. மெட்காஃபை எடுத்தாரா? 77, 118ஆம் பிக் இரண்டையும் வாங்கிக்கொண்டு அந்த இடத்தைச் சியாட்டிலுக்கு விற்றுவிட்டார்.

சியாட்டில் சாரல்:
அதே பெலிச்சிக் 32இல் எடுத்த ரிசீவர் யார் என்று சொல்லாமல் நழுவுகிறீர்களே. நிகீல் ஹாரி. அப்புறம் நம் ஃபேன்டசி லீக்கில் (நிஜ ஆட்டக்காரர்களை வைத்து நாம் ஆடும் கற்பனை அணிப் போட்டி) 2019 ஆகஸ்டில் ஹாரியை எடுத்தது யார், நியாபகம் இருக்கிறதா? சீசன் தொடங்கும்போதே ஹாரி காயம்பட்டோர் பட்டியலில். மெட்காஃபை நான் கடைசி ரவுண்டில் எடுத்தேன். 900 யார்டு, 7 டச்டவுன். அந்த எரிச்சல்தான் இத்தனை வருடமாக 7.38 என்ற பெயரில் வருகிறது.

கணக்கன்:
அந்த வருடம் நம் லீக் கோப்பை யாருக்கு என்றும் சொல்லுங்கள் தம்பி.

சியாட்டில் சாரல்:
எனக்கு 51 வயது. தம்பி வேண்டாம். கோப்பை உங்களுக்குக் கிடைத்தது கிறிஸ்டியன் மெக்காஃப்ரியால், ஹாரியால் அல்ல.

பிலடெல்பியா பாண்டி:
சண்டை போடுகிற இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல் என்னவென்று தெரியாது. 57ஆம் இடத்தில், மெட்காஃப் இன்னும் இருக்கும்போது, நாங்கள் ஜே.ஜே. ஆர்செகா-வைட்சைடை எடுத்தோம். மூன்று வருடத்தில் 16 கேட்ச். பதினாறு! ஆனால் 2022இல் அவரைச் சியாட்டிலுக்கே அனுப்பிவிட்டோம், ஏ.ஜே. பிரௌனையும் வாங்கிக்கொண்டோம், 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பையும் தூக்கினோம். ஆக 2019இல் யார் ஜெயித்தார்கள்?

டேப்புதாசன்:
2019இல் 57ஆம் இடத்தில் நீங்கள் ஜெயிக்கவில்லை பாண்டி அண்ணே.

புதுமுகம்:
வணக்கம், பல நாளாகப் படிக்க மட்டும் செய்பவன். கணக்கன் சார் சொன்னபடி செருப்புப் பெட்டி மூன்றை 'ட' மாதிரி வைத்துக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் ஓடிப் பார்த்தேன். 10.9 வினாடி. இரண்டாவது பெட்டியில் முழங்கால் பிடித்துக்கொண்டது, இப்போது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். 7.38 எனக்கு மெதுவாகத் தெரியவில்லை.

கணக்கன்:
சிமெண்டுத் தரையா? இடைவெளியை அளந்தீர்களா, கண்ணால் வைத்தீர்களா? கோட்டைக் கையால் தொட்டீர்களா? தொடாவிட்டால் கணக்கில் வராது.

சியாட்டில் சாரல்:
2020 அக்டோபர், அரிசோனாவோடு ஆட்டம். அவர்கள் ஆள் புடா பேக்கர் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார், முன்னால் ஆளே இல்லை. மெட்காஃப் பின்னாலிருந்து துரத்தி வந்து 8 யார்டு கோட்டருகே சாய்த்தான். மணிக்கு 22.64 மைல். அவர்களுக்கு அங்கிருந்து ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கணக்கன்:
மறுபடியும் நேர்கோடு! அன்று அவன் பிடித்தது 2 பந்து, 23 யார்டு. ஆட்டத்திலும் தோல்வி, 37-34. ரிசீவர் துரத்தி டாக்கிள் செய்ததை அவனுடைய பெருமையாகச் சொல்லும் நிலை வந்துவிட்டதே, அதுவே போதும். அவ்வளவு பிடித்திருந்தால் 100 மீட்டர் ஓட அனுப்புங்கள். ஓ, 2021இல் அதையும் ஓடினான், 10.36.

டேப்புதாசன்:
228 பவுண்டு ஆள் 10.36 ஓடியதைக் குறையாகச் சொல்லும் ஒரே மனிதர் நீங்கள்தான். 2020இல் 83 கேட்ச், 1,303 யார்டு, 10 டச்டவுன். 64ஆம் இடத்துக்கு இது போதாதா?

கணக்கன்:
சியாட்டிலில் ஆறு வருடத்தில் 1,300 ஒரே தடவை. 2024இல் மெட்காஃப் 66 கேட்ச், 992 யார்டு. பக்கத்தில் நின்ற ஜாக்சன் ஸ்மித்-நிஜிக்பா 100 கேட்ச், 1,130 யார்டு. கம்பைனில் ஸ்மித்-நிஜிக்பாவின் 3 கோன் எவ்வளவு? 6.57. சியாட்டில் யாரை வைத்துக்கொண்டது? யாரை 2025 மார்ச்சில் பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பியது? நான் சொன்னால் கேட்க மாட்டீர்கள், உங்கள் அணியே சொல்லிவிட்டது.

சியாட்டில் சாரல்:
வேறு ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்டவன் மெட்காஃப். விரட்டியதாக எழுதாதீர்கள். அதுவும் சும்மா கொடுக்கவில்லை, இரண்டாம் ரவுண்டு பிக் வாங்கிக்கொண்டுதான். ஆறு வருடம் ஓட்டிய காரை வாங்கிய விலைக்கே விற்றால் நஷ்டமா?

கணக்கன்:
64ஆம் பிக்கில் வாங்கி 52ஆம் பிக்குக்கு விற்றால் லாபம்தான். காரில் ஸ்டியரிங் இல்லை என்பதுதான் என் பேச்சு.

பிலடெல்பியா பாண்டி:
மெக்கவுன் தொடைத்தசை கிழிந்த நிலையிலும் ஆடினார் என்பதை இதுவரை ஒருவரும் குறிப்பிடவில்லை.

டேப்புதாசன்:
ஒன்று கேட்கிறேன். மறுபடியும் 2019 வந்தால், 25இல் மார்கீஸ் பிரௌனை எடுத்தார்களே, அந்த இடத்தில் மெட்காஃபை வைப்பீர்களா மாட்டீர்களா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்று.

கணக்கன்:
கேள்வியே தப்பு. அப்புறம், இடமும் வலமும் ஓடித் திரும்பும் ஷார்ட் ஷட்டில் சோதனையைப் பற்றி இன்னும் யாரும் வாயைத் திறக்கவில்லை. மெட்காஃப் 4.50, பிராடி 4.38. சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.