புதுப்பிப்பு: கல்லடி வீட்டுப் புது காஸ் அடுப்பு

புது காஸ் அடுப்பைப் பூட்டியதும் மணம் வருகிறது, பற்றவைக்கலாமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். பற்றவைக்கவில்லை. 12.5 கிலோ சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலெல்லாம் அகலத் திறந்தேன். காஸ் காற்றைவிடப் பாரம், தரையோடு கிடக்கும். சுவிட்சில் பொறி வந்தால் பற்றிவிடும் என்று ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடவில்லை.

மணம் போனபிறகு, அடுப்புத் திருகுகள் மூடியிருக்க, சிலிண்டரை மட்டும் திறந்து சவர்க்கார நுரை தடவினேன். ரெகுலேட்டர் பக்கம் ஒன்றுமில்லை. ஹோஸ் அடுப்போடு சேரும் இடத்தில் குமிழி குமிழியாகக் கிளம்பியது. பூட்டித் தந்தவர் கிளிப்பை இறுக்கவே இல்லை! 2021 கடைசியில் இலங்கையில் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகளை மறக்காத அம்மா முற்றத்திலேயே நின்றுகொண்டார்.

கிளிப் மாற்றியாச்சு, குமிழி இல்லை. நேற்றுப் பின்னேரம் நீலச் சுவாலையில் முதல் தேத்தண்ணி. "விறகடுப்புத் தேத்தண்ணி மாதிரி இல்ல மகன்" என்றார் அம்மா.