மின்தடைக்குப் பின் திறக்காத நோயாளர் தரவுத்தளம்: உதவி தேவை

கல்வராயன் மலையில் இயங்கும் ஓர் இலவச மருத்துவமனைக்குக் கணினிப் பணி செய்துதரும் தன்னார்வலர்கள் நாங்கள். சென்ற செவ்வாய் இரவு மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் ஓய்ந்து, சர்வர் சட்டென அணைந்தது முதல், நோயாளர் பதிவு மென்பொருளான ஓப்பன்எம்ஆர்எஸ்ஸின் தரவுகள் இருக்கும் மைஎஸ்க்யூஎல் 5.7 தரவுத்தள மென்பொருள் (உபுண்டு 18.04) தொடங்கவில்லை; அதன் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் ஒரு பக்கம் (தரவு சேமிக்கப்படும் சிறு தொகுதி) சிதைந்துள்ளதாகப் பிழைப்பதிவு சொல்கிறது. தரவுக் கோப்புறையை முதலில் நகலெடுத்துக்கொண்டு, சிதைவு இருந்தாலும் சர்வரைத் தொடங்கவைக்கும் மீட்பு நிலையை (innodb_force_recovery) 1 முதல் 3 வரை உயர்த்திப் பார்த்தோம். 3-இல் சர்வர் எழுந்தாலும், அளவீடுகள் உள்ள ‘ஆப்ஸ்’ (obs) அட்டவணையை டம்ப் (கோப்பாக நகல்) எடுக்கையில் பாதியில் இணைப்பு அறுந்துவிடுகிறது; மற்றவை முழுதாக வந்துவிட்டன. காப்புப் பிரதி மூன்று மாதப் பழையது. சர்க்கரை நோய்க்கு வரும் முதியவர்கள் நீட்டும் காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்துத்தான் செவிலியர் நோட்டில் குறித்துக்கொள்கிறார். 4-ஆம் நிலை தரவை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடும் என்பதால் அதைத் தொடவில்லை. சிதைந்த பக்கத்தை மட்டும் தாண்டி, எஞ்சிய வரிசைகளை எடுக்க நம்பகமான வழி எது?