அப்டேட்: துருப்பிடிச்ச எம்ஜிபி, விக்கிறதா வச்சுக்கிறதா

என்கிட்ட 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர் (மேல திறந்த பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) துருப்பிடிச்சு நிக்குது, வித்துடவா வச்சுக்கவான்னு கேட்டிருந்தேன்ல, நிறைய பேர் மொதல்ல கதவுக்குக் கீழ நீளமா ஓடுற இரும்புப் பெட்டி மாதிரியான சில் பாக்ஸ பாருங்கன்னு சொன்னீங்க. பாத்தேன். ஜாக் போட்டு தூக்கினதும் கதவு ஓர இடைவெளி சுருங்கி கதவே திறக்கல, இந்த வண்டிக்கு தனி சேஸி கிடையாது, மேல இரும்புக் கூரையும் இல்ல, பலத்துல பெரும்பகுதி அந்த சில்லுல தான், அது உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிருக்கு, ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

ஆனா இஞ்சின் கையால சுத்தினா சுத்துது, இறுகிப் போகல. 1980 வரைக்கும் வந்த மாடல், பேனல் எல்லாம் இன்னும் புதுசாவே கிடைக்குது.

விக்கல. மனசு வரல.

அரிச்ச சில்ல வெட்டி எடுத்துட்டு புதுசு வெல்ட் பண்ணப் போறோம். கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வச்சு பாடி வளையாம பிடிச்சுக்கிட்டு, ஒரு பக்கம் முழுசா முடிச்சப்புறம் தான் அடுத்த பக்கம் வெட்டணும்னு வெல்டர்கிட்ட கறாரா சொல்லிட்டேன். திங்கக்கிழமை வலது பக்கம் ஆரம்பிக்கிறோம்.